சாந்தாமணி ஓட்டும் வீடு

கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் தெருவுக்குள் ஒரு கார் நுழைந்தால், எதிரே வரும் ஸ்கூட்டர் யார் வாசலிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். அந்தத் தெருவில்தான் சாந்தாமணி அக்கா தன் வீட்டுக்கு முன்னால் இன்னொரு வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டு சக்கரம், வெள்ளைத் தகடு, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், ஓரமாக ஒரு கதவு. அவர்களுடைய பொலீரோ ஜீப்பின் பின்னால் மாட்டிவிட்டால் கூடவே வரும். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒற்றை அடுப்பு, மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேசை. தெருவில் இதற்குப் பெயர் ‘நகர்ற ஊடு’.

வந்த புதிதில் அதைப் பார்க்க வந்தவர்கள் ஏறிப் பார்த்தார்கள், கட்டிலை அமுக்கிப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள். தெருமுனை திரும்பியதும் பணம் கொழுத்துப்போச்சு என்றார்கள். பேரன் பேத்தியைக் கொஞ்சுகிற வயதில் ஊர் சுற்றும் ஆசை என்றார்கள். எதிர்வீட்டுக்காரியான எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். காரணம் எனக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அவரே, “எழுதுங்க மெர்சி அம்மணி, எல்லாருக்குந்தான் தெரிஞ்சுபோச்சே” என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

சாந்தாமணி அக்காவுக்குச் சிறுநீர் நிற்பதில்லை. இவ்வளவுதான் விஷயம். இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் கொஞ்சம் போய்விடும். வெளியே கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒதுங்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். டாக்டரைப் பார்த்தார். பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், பாதி குணமானது. மீதிக்கு ஆபரேஷன் என்றதும் கத்தியே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

நான் பள்ளிக்கூட டீச்சர். அங்கே இருக்கும் கழிப்பறைக்குப் பயந்து, சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்த விஷயத்தில் வெட்கமெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. அக்காவுக்குத் தீரவில்லை. சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாததை எதிர்வீட்டு மெர்சியிடம் சொல்ல முடிந்தது, ஏனென்றால் நான் எந்தப் பந்தியிலும் அவர் சொந்தங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசப் போவதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்துக் கழிப்பறை வாசலில் பெரிய வரிசை. நின்று பார்த்துவிட்டு, முடியாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருக்க முடியாத நிலைமை. சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் பசியில்லை என்றார். மண்டபம் காலியாகி நாற்காலிகளை அடுக்க ஆள் வந்த பிறகுதான் அவர் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்து மறைத்துக் கூட்டி வந்தார். அதோடு அக்கா எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் முட்டி வலி என்று ஒரே பதில்.

கிணத்துக்கடவில் இருக்கும் தம்பி காளிச்சாமியின் வீட்டுக்கும் போகவில்லை. தம்பி மகள் பிரீத்திகாவின் பட்டமளிப்புக்குக் குடும்பமே போட்டோ எடுத்துக்கொண்டது, அத்தையைத் தவிர. அப்பாவின் தென்னந்தோப்பைப் பாகம் பிரித்ததில் அக்காவுக்கு மனத்தாங்கல், அதனால்தான் வருவதில்லை என்று காளிச்சாமி முடிவு கட்டிவிட்டார். அக்காவுக்கு இது தெரியும். தம்பி தன்னைத் தப்பாக நினைக்கிறான் என்று என்னிடம் அழுதிருக்கிறார். ஆனாலும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

பொங்கியண்ணன் வேன், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பேச்சு குறைவு. ஒரு நாள் பட்டறையில் ஒரு சேசிஸைப் போட்டு, அதன் பின்பக்க மூலையில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுகிற அளவுக்கு ஒரு கூண்டு கட்டினார். அதில் கோப்பையைப் பதித்து, கீழே தொட்டி வைத்து, தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்தார். அதற்குப் பிறகுதான் கட்டிலும் அடுப்பும் ஜன்னலும். ஊர் பார்த்து வியந்த அந்த வீடு முழுக்க ஒரு கழிப்பறையைச் சுற்றிக் கட்டியது.

“கக்கூசு நம்ம கூடவே வருது அம்மணி. இனி நீ வா” என்று மட்டும் சொன்னாராம். அந்தத் தொட்டியைக் காலி செய்து கழுவும் வேலையை இன்றுவரை வேறு யாரிடமும் விட்டதில்லை அந்த மனிதர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு.

வண்டியை ஓட்டுவது அக்காதான். இழுவண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது, அது இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பொங்கியண்ணன் முயன்று பார்த்து எங்கள் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் ஒரு ஓரத்தைப் பெயர்த்துவிட்டார். அக்கா கல்யாணத்துக்கு முன்பே தேங்காய் லோடோடு டிராக்டரைத் தோப்புச் சந்துக்குள் பின்னால் விட்டவர். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார் என்றால் ஒரே வீச்சில் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

எல்லாம் சரியாகச் செய்த பொங்கியண்ணன் ஒரு தப்பும் செய்தார். எங்கள் பக்கத்து ஆட்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. வேலை முடிந்த சந்தோஷத்தில், வண்டியின் பின்பக்கம் இரண்டடி எழுத்தில் ‘காடை குலம்’ என்று தன் குலப்பெயரை எழுதி, கீழே குலதெய்வத்தின் பெயரையும் போட்டுவிட்டார். சொந்தக்காரர் வீட்டில் தங்காமல் இருப்பதற்காகவே கட்டிய வண்டியில், சொந்தக்காரர்களுக்கு இப்படி ஓர் அழைப்பிதழ்!

முதல் பயணம் கொடிவேரி அணைக்கு. நம்பியூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். வண்டியின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஒருவர் ஓடி வந்தார். பெயர் கந்தப்பன்.

“ஏனுங்க, காடை குலமுங்களா? நாங்களும் அதேதானுங்க. பங்காளி ஊடு இங்கிருக்க நீங்க ரோட்டோரத்துல படுக்கறதுங்களா? நல்லாருக்குதே நாயம்! வாங்க வாங்க, ஊட்டுக்குப் போலாம்.”

ஒரே குலம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் பங்காளி; மற்றபடி முன்பின் பார்த்திராத மனிதர். ஆனால் கோழி அடித்துச் சாறு வைத்து, மெத்தை போட்டு, படுக்க வைத்தே விட்டார்கள். மறுப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அக்காவால் சொல்ல முடியாத காரணம் அது ஒன்றுதான். வண்டி வெளியே பூட்டிக் கிடக்க, ஆண்கள் படுத்திருந்த கூடத்தைத் தாண்டித் தாண்டிப் பின்கட்டுக்குப் போய் வந்தார். காலையில் கந்தப்பன் கவலையோடு விசாரித்தார்: “அம்மணிக்கு வவுறு சேருலீங்களா?”

இரண்டாவது பயணம் அமராவதி அணைக்கு. அணையைப் பார்த்தார்களோ இல்லையோ, உடுமலையில் ஒரு பங்காளி வீட்டைப் பார்த்தார்கள். திரும்பி வந்து அக்கா என் வீட்டுச் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“சாமி பேரை அழிக்கச் சொன்னா அவருக்குக் கோவம் வருது அம்மணி. இந்தச் சீமைல பங்காளி இல்லாத ஊருன்னு ஒண்ணு இருக்குதுங்களா?”

“கேரளாவுக்குப் போங்கக்கா” என்றேன் எரிச்சலில்.

விளையாட்டாகச் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் மலம்புழைக்குப் போனார்கள். பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலைக்கும் ஜாக்கி இறக்கி, இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார்கள். காலையில் வண்டி வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, காப்பியோடு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். வாயெல்லாம் பல். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்ததும் பொங்கியண்ணன், யாரும் சொல்லாமலே, குலத்தின் பெயரையும் சாமி பெயரையும் அழித்துவிட்டு, சாமி படத்தைக் கட்டிலுக்கு மேலே மாட்டினார்.

அந்தத் தை மாதத்தில் பிரீத்திகாவின் கல்யாணம் வந்தது. அழைக்க வந்த காளிச்சாமி காப்பியைக் கூடத் தொடவில்லை. “இதுக்கும் வரலீன்னா, அக்கான்னு ஒருத்தி எனக்கு இல்லீன்னு நெனச்சுக்கறனுங்க” என்று தட்டை வைத்துவிட்டுப் போனார். அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, “வண்டியோட போயரலாம். நீங்களும் வாங்க மெர்சி அம்மணி, எனக்குத் தைரியமா இருக்கும்” என்றார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பொள்ளாச்சி ரோட்டில் இருந்த மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மைதானத்தில் அக்கா வண்டியைப் பின்னுக்கு எடுக்க, வேட்டி கட்டிய நான்கைந்து பேர் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஒருவரையும் அவர் கண்டுகொள்ளவில்லை. வேலியோரம் கச்சிதமாக நிறுத்தி இறங்கும்போது காளிச்சாமி வந்து நின்றார். முகம் இறுகியிருந்தது. பின்னாலேயே அவர் மனைவி ருக்மணி, பட்டுச் சேலையும் கையில் வெற்றிலைத் தட்டுமாக.

“மாடியில உங்களுக்குன்னு ரூம் போட்டு வெச்சிருக்கறனுங்கக்கா. கூடப் பொறந்தவ மைதானத்துல வண்டிக்குள்ள படுத்தா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?”

“எனக்கு இதுதாண்டா வசதி.”

“வசதிங்களா? தோப்பைப் பிரிச்சதுல இருந்து எங்கூட்டுல நீங்க கை நனைக்கலீங்க. இப்ப வந்தும், நான் புடிச்ச மண்டபத்துல தங்கமாட்டீங்கறீங்க. கோவம்னா கோவம்னு சொல்லிப்போடுங்க. நாளைக்குத் தாலி கட்டறதுக்குள்ள சொல்லிப்போடுங்க.”

“அதில்ல மாப்ளே, அவளுக்கு முட்டி...” என்று பொங்கியண்ணன் ஆரம்பித்தார்.

“முட்டியுமில்ல ஒண்ணுமில்ல” என்றார் அக்கா. என் கையைப் பிடித்திருந்தார், அந்தப் பிடியில் எனக்கு வலித்தது. “எனக்கு ஒண்ணுக்கு நிக்கறதில்லடா காளிச்சாமி. அடக்க முடியறதில்ல. ஈரோட்டுக் கல்யாணத்துல சேலையோட நனைஞ்சு, எல்லாரும் போற வரைக்கும் உக்காந்திருந்தேன். அன்னைலிருந்து எங்கயும் போறதில்ல. தோப்பை நான் என்னைக்குடா கேட்டேன்? அது உன்ற தோப்பு கண்ணு, நல்லா வெச்சுக்க. கக்கூசு எங்கூட வந்தாத்தான் நான் வர முடியும். அதுக்குத்தான் இந்த வண்டி. அவ்வளவுதான்.”

மண்டபத்துக்குள் நாதஸ்வரக்காரர்கள் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமி தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ருக்மணியைக் கவனிக்கவில்லை. அவர் வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்தார்.

“தொறந்திருக்குதுங்களா நங்கையா?” என்று நாத்தனாரான அக்காவிடம் கேட்டார்.

அக்கா தலையாட்டினார். ருக்மணி பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் நால்வரும் வெளியே நின்றோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவரின் முகம் கழுவிவிட்டது போலத் தெளிந்திருந்தது.

“எனக்கு பிரீத்திகா பொறந்ததுல இருந்துங்க நங்கையா” என்றார்.

அந்தப் பிரீத்திகாதான் உள்ளே கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். காளிச்சாமி மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, புள்ள?”

“கூடப் பொறந்தவங்களே உங்ககிட்டச் சொல்றதுக்கு இத்தனை நாளாச்சுங்களே” என்றார் ருக்மணி. கோபமாகச் சொல்லவில்லை. என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, அக்காவின் கையையும் பிடித்துக்கொண்டு, மண்டபத்துக்குள் கூட்டிப் போனார்.

காளிச்சாமி அங்கேயே நின்றார். கல்யாண வீட்டில் அவருக்கு ஆயிரம் வேலை கிடந்தது. சமையற்கட்டிலிருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டான், இதோ வாரேன் என்று கை காட்டி அனுப்பினார். பிறகு மண்டபத்தின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து நீளமான ரப்பர் ஓஸைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்.

“தண்ணி எதுல உடோணும் மச்சான்?” என்று பொங்கியண்ணனைக் கேட்டார். தண்ணீர்த் தொட்டி நிறைகிற வரைக்கும் ஓஸை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி நுனியால் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.