மைதிலியின் சும்மா நேரம்

அந்த வாரம் மைதிலி நாற்பத்திரண்டு மணி நேரம் வேலை பார்த்தாள். கம்பெனி கம்ப்யூட்டர் அதில் பதின்மூன்று மணி நேரத்தைத்தான் வேலை என்று ஒப்புக்கொண்டது. மிச்ச நேரமெல்லாம் சும்மா இருந்தாளாம்.

அவள் வேலை தமிழ் எழுத்துகளுக்கு உருவம் வரைவது. போனிலும் புத்தகத்திலும் நாம் படிக்கிற எழுத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார் என்பது பலருக்கும் தோன்றுவதே இல்லை. அப்படி எழுத்துருக்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு ஏழு வருட வேலை. அஸ்தம்பட்டியில் அம்மாவோடு இருக்கும் வீட்டிலிருந்தே செய்கிறாள். இப்போது கையில் இருப்பது மாத்திரைப் பெட்டிகளின் மேல் அச்சாக வேண்டிய பொடி எழுத்து. முழு எழுத்துருவும் அவள் பொறுப்பில் வந்தது இதுதான் முதல் முறை. ஒன்றரை வருடமாக அதற்குள்ளேயே குடியிருக்கிறாள்.

அதற்கு முன் நாமக்கல்லில் லாரிக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் இருந்தாள். அங்கே ஒரு வழக்கம். பின்பக்கம் பெயரை ஒட்டி முடித்ததும் ஓனர், டிரைவர், ஒட்டியவர் எல்லோரும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று டீ குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். ஒரு எழுத்து உறுத்தினாலும் உரித்து மறுபடி ஒட்ட வேண்டும். கிட்டே நின்று பார்த்துச் சரி என்று சொன்ன ஓனரை மைதிலி கண்டதே இல்லை.

அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. வரைந்த எழுத்தைப் பிரிண்ட் எடுத்து மொட்டை மாடித் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டுவாள். மறுகோடியில் நாற்காலி போட்டு அரை நாள் உட்கார்ந்து பார்ப்பாள். ஏற்காடு ரோட்டு மருந்துக்கடை ஓரமாக நின்று, பெட்டியைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்குகிறவர்களையும் மணிக்கணக்கில் கவனிப்பாள்.

கம்பெனி புதிதாகப் போட்ட நேரக்கணக்கு மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. மவுஸ் அசைந்தால் பச்சைப் பட்டை. ஐந்து நிமிடம் அசையாவிட்டால் சிவப்பு, பக்கத்தில் ‘சும்மா’ என்று எழுத்து. செய்கிற வேலையைக் குறிக்க வரைதல், எழுத்து இடைவெளி, திருத்தம், கூட்டம் என நான்கு கட்டங்கள். எழுத்து வரைகிறவர்களுக்கென்றே செய்ததாம். செய்த புண்ணியவான் ஒரு ‘அ’வையாவது வரைந்து பார்த்திருப்பானா என்பது சந்தேகம்.

திங்கட்கிழமை ஆன்லைன் கூட்டத்தில் குணசீலன் எல்லோருடைய பட்டைகளையும் திரையில் காட்டினார். குழுவுக்குத் தலைவர், கெங்கவல்லிக்காரர், நல்ல மனிதர். அட்டவணை சொன்னால் மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவார். ஓமலூர்ப் பையன் கதிரின் வாரம் முழுக்கப் பச்சை. இன்னொரு வாரம் இப்படிச் சிவந்தால் எழுத்துருவைக் கதிரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மைதிலியிடம் சொன்னார். ஐந்தாவதாக ‘பார்த்தல்’ என்று ஒரு கட்டம் வேண்டும் என்றாள் அவள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடேறியது.

விஷயத்தைக் கேட்ட அம்மா சௌந்திரத்துக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

“இதுக்கா சாமி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? நீ மேல போயிப் பாரு. நான் இங்க உக்காந்து அந்த மவுச ஆட்டிக்கிட்டு இருக்கறன்.”

“வேண்டாம்மா. ஆட்டுனா, நான் பாக்கறது வேலையே இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

அடுத்த வாரம் அவள் இன்னும் அதிகமாகவே மாடியில் உட்கார்ந்தாள். குணசீலன் தனியாகப் போன் செய்து, மாடி நேரத்தையும் ‘வரைதல்’ கட்டத்தில் போட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

“நான் வரையலைங்க சார். பாத்தேன். பாத்தத பாத்தேன்னுதான் போடுவேன்.”

எழுத்துரு கதிரிடம் போயிற்று. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அழுதாள். ஆனால் இறங்கிப் போகலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

கதிர் இரண்டு சுழி ‘ன’வின் சுழியை நகலெடுத்து மூன்று சுழி ‘ண’வில் வைத்து, அதே முறையில் மூன்றே நாளில் பதினோரு எழுத்தை முடித்தான். பட்டை பச்சைப் பசேலென்று இருந்தது. பிறகு அச்சகத்திலிருந்து மாதிரிப் பெட்டி வந்தது. ‘உணவுக்கு முன்’ என்ற இடத்தில் ‘ண’வின் சுழிகள் மையில் அடைத்துக் கரும்புள்ளியாகிவிட்டன. அவன் கூப்பிட்டது குணசீலனை அல்ல, மைதிலியை.

“ஸ்கிரீன்ல நல்லாத்தானுங்க்கா இருந்துச்சு. எங்க தப்புன்னே தெரியல.”

அந்தச் சாப்ட்வேரையே கேள் என்று வாய் வரை வந்தது. சொல்லியும்விட்டாள். அவன் போனை வைக்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்ட ஒரு பெரியவரின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர்மேல் இவளுக்கு என்ன கோபம்?

“பெருசா ஒண்ணு, பொடிசா ஒண்ணு பிரிண்ட் எடு. வெளிய மாட்டிட்டு இருபதடி தள்ளி உக்காரு. மவுசத் தொடாத.”

“செவப்பா வருமேக்கா.”

“வரட்டும்.”

அடுத்த திங்கட்கிழமைத் திரையில் கதிரின் பட்டை மூன்று நாளுக்குச் சிவந்திருந்தது. கம்ப்யூட்டர் பழுதா என்று குணசீலன் கேட்டார். இல்லை, நெல் காயப்போடும் களத்தில் எழுத்தை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான் கதிர். எங்கே அடைக்கிறது என்று இப்போதுதான் புரிகிறதென்றும், சரி செய்ய அக்காவால்தான் முடியுமென்றும், அவர் பார்க்கிற நேரத்தைச் சும்மா என்று போட்டால் தானும் இனி அந்த எழுத்துருவைத் தொடப் போவதில்லை என்றும் சொன்னான்.

குணசீலன் மைதிலியிடம் பேச்சைத் திருப்பினார். எழுத்துருவை இன்றே திரும்ப அனுப்பிவிடுகிறேன், இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், அந்தப் ‘பார்த்தல்’ கட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“மொதல்ல கட்டத்தப் போடுங்க சார்,” என்றாள் மைதிலி. “அப்பறம் ஆரம்பிக்கறேன்.”