நான் மாற்றாத ஆண் எலி

ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூண்டு கழுவுவேன், மரத்தூள் மாற்றுவேன், ஜோடி சேர்ப்பேன், கூண்டு அட்டையில் எழுதுவேன். எலிகள் இரண்டு வம்சம். ரத்தத்தில் வரும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் ஒரு வம்சத்து ஆண்களின் விரையில் அதிகம், இன்னொன்றில் குறைவு. அது பரம்பரையாக எப்படி இறங்குகிறது என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

ஒரு கூண்டில் மட்டும் குட்டியே இல்லை. பெண் எலியை மாற்றினேன். சில வாரம் பொறுத்து மறுபடி மாற்றினேன். மூன்றாவதையும் எடுத்துவிட்டு, அட்டையில் ‘மூன்றும் மலடு’ என்று எழுதினேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, மூணு வாட்டியும் பொண்ணத்தான் எடுத்திருக்கீங்க. ஆண ஏன் மாத்தல?”

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

“ஹார்மோன் இருந்தும் பிடிக்க ஏற்பி கம்மியா இருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம், பாத்தாத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் அது மேல தப்பு இல்லண்ணே” என்றார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கல்யாணமாகி ஏழு வருடம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவிக்கு எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மா ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை உண்டாகக் கஷாயம் காய்ச்சி அவளுக்குத்தான் கொடுப்பார். போன மாதம், வேறொரு பெண்ணைப் பார்க்கலாமா என்று என் காதைக் கடித்தார். நான் வாயே திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் நானும் போய்ச் சோதித்துக்கொண்டேன். குறை என்னிடம்தான். சிகிச்சை உண்டு என்றார்கள், உறுதி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தம்ளரை நீட்டினார். மனைவி கை நீட்டுவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன்.

“இது நான் குடிக்க வேண்டியதும்மா. கொற எங்கிட்டத்தான் இருக்கு. டெஸ்ட் எடுத்துட்டேன்.”

ஒரே மடக்கில் குடித்தேன். கசப்பில் கண்ணில் நீர் முட்டியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி உள்ளே போய் ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து என் வாயில் போட்டாள்.

“மூக்கப் பிடிச்சுக்கிட்டு குடிக்கணும்லா” என்றாள். “நான் ஆறு வருஷமா அப்படித்தான் குடிக்கிறேன்.”