ஆற்றுக்கு அடைத்த வேலி

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோவில் ஒரு சிஞ்ஞோராவின் (அங்கே எசமானி அம்மாவை அப்படித்தான் அழைப்பது) வீட்டில் நான் ஐந்து வருடம் தரை துடைத்த பிறகு, ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்தார். ஒரேத்தோ ஆறு கடலில் விழுவதற்குச் சற்று மேலே குப்பை அள்ளி, அந்த மண்ணுக்குரிய மரங்களை நடும் தொண்டர்களில் அவரும் ஒருவர். மீன் திரும்பி வரக் கரையில் நிழல் வேண்டுமாம். "மரம் நடுவதா, எனக்குக் கை வந்த வேலை" என்று நான்தான் பெருமைக்கு வாயை விட்டிருந்தேன். ஒரு நாளாவது அவர் முன்னால் விஷயம் தெரிந்தவனாக நிற்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

கையில் தந்தவை வில்லோ மரத்தில் வெட்டிய தடிகள். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு ஊன்றித் துளிர்க்க விடுகிற கதியால் மாதிரித்தான். மளமளவென்று நட்டுவிட்டு நிமிர்ந்தால், சாணுக்கு ஒன்றாக, நூல் பிடித்த நேரில் ஒரு வேலி நின்றது.

"இது யாரைத் தடுக்க?" என்று கூட்டத்தின் தலைவர் கேட்டார்.

"ஆட்டை" என்றேன்.

அங்கே ஆடே இல்லை. சிஞ்ஞோராவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாவற்றையும் பிடுங்கி, தள்ளித் தள்ளி நடச் சொன்னார்கள்.

அப்போதுதான் சிஞ்ஞோரா நட்டதைக் கண்டேன். இருபது தடியும் தலைகீழ்; நுனி மண்ணுக்குள், அடி மேலே. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். ஐந்து வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "மிக நன்றாக இருக்கிறது, சிஞ்ஞோரா" என்றேன்.

அன்றிரவு வீட்டில் நடந்ததைச் சொன்னதும், "சொல்லியிருக்கலாம்தானே, பாவம் அந்த மனுசி" என்றாள் மனைவி.

"வேலை போனா?"

"தடி தலைகீழா நிக்குது எண்டு சொன்னதுக்கு ஆரும் வேலையாலை நிப்பாட்டுவினமோ? நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்."

மறுநாள் அவருடைய சப்பாத்துச் சேற்றைப் பளிச்சென்று கழுவிக் கொடுத்தேன். சொல்லவில்லை.

சித்திரையில் போய்ப் பார்த்தோம். என் தடிகள் துளிர்த்திருந்தன. அவருடையவை ஒன்றுவிடாமல் பட்டுப்போயிருந்தன. சிஞ்ஞோரா குனிந்து ஒரு தடியைத் தடவினார்.

"உனக்குக் கைராசி. எனக்கு இல்லை" என்றார்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "அடுத்த முறை நான் பக்கத்தில் நின்று உதவுகிறேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.