அரைச் செங்கல் இருந்த பை

கடந்த வாரம் என் வீட்டு வரவேற்பறையில் ஒரு பை இருந்தது. காக்கி நிறம், அறுந்த பிடிக்குப் பதிலாகக் கயிறு, வாயில் துருப்பிடித்த சிப். மூன்று நாட்கள் அந்தப் பையை நான் மனிதனைப்போல நம்பினேன்.

விஷயம் இதுதான். மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். வோக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும். மாடிப்படி கூடாது. தரையில் சின்ன மேடுகூட இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் கீழே படுக்கக்கூடிய அறை ஒன்றே ஒன்று. அதன் சீமெந்துத் தரையோ வெடித்துப் பெயர்ந்து, மழை முடிந்த மண் ஒழுங்கை மாதிரிக் கிடந்தது.

வெள்ளிக்குள் டைல் போட்டாக வேண்டும்.

கட்டுகஸ்தோட்டை ஹார்ட்வெயார் கடைக்காரர், எல்லோருக்கும் 'நானா', ஓர் ஆளை அனுப்பினார். எங்கள் ஊரில் கைவேலை தெரிந்த எல்லோரும் 'பாஸ்'. இவர் டைல் பாஸ். திங்கட்கிழமை காலை வந்தார். தரையைக் குதிகாலால் தட்டினார். பிறகு, எல்லா பாஸ்மாரும் ஓதும் மந்திரத்தை ஓதினார்.

"யாரு சேர் இதப் போட்டது? கண்ண மூடிக்கிட்டா போட்டான்?"

முந்தைய ஆளைத் திட்டாமல் ஒரு பாஸ் வேலையைத் தொடங்கி நான் பார்த்ததில்லை. தன்னைத் திட்டவும் ஒருவர் வருவார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

மாலைக்குள் பாதி அறை முடிந்தது. வாசலருகே ஒரு டைல் மட்டும் பக்கத்து டைலைவிட ஒரு தீக்குச்சி கனத்துக்கு உயர்ந்து நின்றது. வோக்கர் தட்டப்போவது சரியாக அந்த இடத்தில்தான். காட்டினேன்.

"நடக்க நடக்க சரியாயிரும் சேர்."

டைலா, புதுச் செருப்பா? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை கால் கழுவப் போய்விட்டார்.

"நாளைக்குக் கட்டாயம் வருவீங்களா பாஸ்?"

"என்ன சேர் இப்பிடிக் கேட்டுட்டீங்க! சாமான் பைய இங்கதான வச்சிட்டுப் போறேன். என் கையவே வச்சிட்டுப் போற மாதிரி!"

டைல் வெட்டும் கட்டரை மட்டும் அவர் கையோடு எடுத்துப்போனதைக் கவனித்தேன். கவனித்தேன்... யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாஸ் வரவில்லை. பத்து மணிக்குப் போன் செய்தேன். "பாலத்துக்கிட்ட நிக்கிறேன் சேர், ஒரே டிராபிக்." பன்னிரண்டு மணிக்கும் பாலம். மூன்று மணிக்கும் பாலம். மகாவலி ஆறுகூட அந்தப் பாலத்தடியில் அத்தனை நேரம் நிற்பதில்லை.

புதன்கிழமை மரண வீடு. "ஹுன்னஸ்கிரியப் பக்கம் சேர், சிக்னல் இல்ல." அவர் குரல் தெளிவாகக் கேட்டது. அதைவிடத் தெளிவாக, மரண வீட்டில் யாரோ டைல் வெட்டும் சத்தமும் கேட்டது.

அன்று மாலை பையைத் திறந்தேன். பிடியில்லாத ஒரு பூச்சுக் கரண்டி. இறுகிப்போன சீமெந்துக் கட்டி. ஒரு பழைய சேர்ட். அடியில், பாரத்துக்காக, ஓர் அரைச் செங்கல்.

தன் வேலைக்குச் சாட்சியாக அம்பிட்டியவில் ஒரு டீச்சரின் நம்பரை பாஸ் எனக்குத் தந்திருந்தார். அவருக்குப் போன் செய்தேன்.

"உங்க வேல முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"எங்கங்க! பாத்ரூம் பாதியில நிக்குது. ஆனா வந்துருவாரு. பை இங்கதான இருக்கு."

"அதக் கொஞ்சம் திறந்து பாருங்க."

சிப் இழுபடும் சத்தம். ஏதோ தரையில் விழும் சத்தம்.

"அடப்பாவி... அரைச் செங்கல்லுங்க!"

மற்றப் பாதி.

பாஸை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பஸ் ஜன்னல் வழியே சீட்டில் எறிந்த கைக்குட்டைக்கு மரியாதை கொடுத்து, கண்டிவரை நின்றுகொண்டே பயணம் செய்கிறவர்கள் நாம். அடிக்கல்லை நட்டுவிட்டுப் போனால் கட்டிடம் வந்துவிடும் என்று மலைநாட்டில் எத்தனை ஊர்கள் காத்திருக்கின்றன? அதுவும் அரைச் செங்கல்தான். மாலை போட்டிருப்பார்கள், அவ்வளவே வித்தியாசம்.

வியாழக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு நானாவிடம் போனேன். அவர் சிரித்த சிரிப்பில் பெயின்ட் டின்கள் அதிர்ந்தன.

"பையையா நம்பினீங்க? கட்டர் எங்க இரிக்கிதோ அங்கதான் பாஸ் இரிப்பான்!"

கட்டர் எங்கே என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கடையிலிருந்து டைல் ஒட்டும் பசை மூட்டை அங்கேதான் போயிருந்தது. என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. பாலத்தைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை.

பாஸ் அங்கே குந்தியிருந்து டைல் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர். பையைக் கவிழ்த்தேன். செங்கல் உருண்டது.

"உங்க கையக் கொண்டு வந்திருக்கேன் பாஸ்."

அவர் எழுவதற்குள் கட்டரை எடுத்து நான் வந்த ஆட்டோவில் வைத்தேன். வீட்டுக்காரர் என்னைத் தடுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ மூலையிலிருந்த இன்னொரு காக்கிப் பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு பாஸ் என் வாசலில் நின்றார். மீதி அறையை முடித்தார். உயர்ந்து நின்ற டைலைப் பெயர்த்து மறுபடி பதித்தார். குறை சொல்ல முடியாத வேலை. எரிச்சலே அதுதான்: தெரியாதவனை மன்னிக்கலாம், இவரை எப்படி மன்னிப்பது?

"எப்ப மிதிக்கலாம்?"

"நாளைக்குக் காலையில சேர். இன்னைக்குக் கால் வச்சா எல்லாம் போச்சு."

இரண்டு மணிக்கு மனைவி வந்து சேர்ந்தார். வோக்கரைப் பிடித்தபடி அறை வாசலில் நின்று ஈரத் தரையைப் பார்த்தார். பாலம், மரண வீடு, பை... எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மூணு நாளா அந்தப் பையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

வந்த ஆட்டோவைத் திரும்பப் பிடிக்கச் சொன்னார். அக்கா வீட்டுக்குப் போகிறாராம். அங்கே படியில்லை, மேடில்லை, பாஸும் இல்லை.

"நாளைக்கு நீ வந்துருவதானே?"

வைத்தியசாலையிலிருந்து கொண்டுவந்த பையை ஆட்டோக்காரரைக் கொண்டு என் காலடியில் வைக்கச் செய்தார்.

"சாமான் பைய இங்கதாங்க வச்சிட்டுப் போறேன்."

இன்றோடு ஐந்து நாள். தரை நன்றாகக் காய்ந்துவிட்டது. பையைத்தான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.