வேகமாகத் தைத்தவள்

சம்பளம் கூடியிருக்கிறது என்ற செய்தியை நாங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்டோம். யாரோ ஒருத்தியின் போனில் அமைச்சர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஆகக் குறைந்த சம்பளத்தை அரசாங்கம் உயர்த்திவிட்டதாம். சாமான் விலை கண்டபடி ஏறி, பேக்கரிப் பாணும் பருப்புமே இரவுச் சாப்பாடு என்றாகியிருந்த காலம் அது. சோற்றுப் பார்சலைப் பாதியில் வைத்துவிட்டுச் சில பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு மட்டக்குளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸுக்குத் தைக்கப் போனேன். ஷேர்ட்டுக்குக் கொலர் வைப்பதுதான் எங்கள் லைனின் வேலை. என் பக்கத்து மெசினில் இருந்தவள் கிளிநொச்சிப் பெண். என்னைவிட இளையவள், புருஷன் இல்லாதவள். சின்ன மகளை ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்து, எங்கள் ஒழுங்கையிலேயே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பஸ் ஏறுவோம்.

அவளைப் போல வேகமாகத் தைப்பவளை நான் பிறகும் கண்டதில்லை. உடம்பு அசையாது, கை மட்டும் ஓடும். தண்ணீர் குடித்தால் எழும்பிப் போக வேண்டி வரும் என்று பகல் முழுக்கக் குடிக்காமலே இருப்பாள். நாளுக்கு இத்தனை கொலர் என்று போட்ட டார்கெட்டுக்கு மேல் தைத்தால் தனியாகப் பணம் உண்டு. அடிப்படைச் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்குமே பற்றாது. மகளுக்கு அவள் அனுப்பியதெல்லாம் அந்த மேலதிகப் பணம்தான்.

கைதட்டிய சந்தோஷம் அடுத்த சம்பளம் வரைக்கும்கூட நிற்கவில்லை. எங்கள் சுப்பவைசர் சிங்களப் பெண், கெட்டவளில்லை. எங்களை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் காலையில் மெசின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சிங்களத்தில் விளக்கினாள். அடிப்படைச் சம்பளம் கூடியபடியால், லீவு எடுக்காமல் வருபவர்களுக்குக் கொடுத்த பணம் இனிக் கிடையாது. டார்கெட்டையும் புதிதாகப் போடப்போகிறார்கள். கம்பனியின் தலைமைக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, லைனில் ஆகக் கெட்டிக்காரியின் பின்னால் நின்று, ஒரு கொலருக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் எல்லோருக்கும் கணக்கு.

எங்கள் லைனில் கெட்டிக்காரி யார் என்று யாரும் கேட்கவில்லை.

கை கழுவும் இடத்தில், பின்வரிசையில் தைக்கும் வயதான அக்கா கிளிநொச்சிக்காரியை மறித்துக்கொண்டாள். கொலர் முனையைத் தள்ளித் தள்ளி விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனவள்.

"நீ பேய் மாதிரித் தைச்சா, அதைத்தானே எங்கட தலையில கட்டுவாங்க? எனக்கு இந்த வயசுல உன்ட கை எங்கால வரும்?"

அவள் கையை உதறிவிட்டு மெசினுக்குப் போனாள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் அதைப் பற்றிக் கதைத்தாள்.

"அக்கா, அவ சொல்லுறது சரிதானே?"

"சரியோ பிழையோ, உனக்குப் பிள்ளை இருக்கு. உன்ட வேலையப் பாரு," என்றேன்.

"ஓம், பிள்ளை இருக்குத்தான்," என்றாள்.

நேரம் பார்க்க வந்தவர் இளவயதுக்காரர், மரியாதையானவர். அவளிடம் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பின்னால் போய் நின்றார். அவள் முதல் கொலரை எடுத்தாள். பாதி தைத்து நிறுத்தினாள். திருப்பிப் பார்த்தாள். நூலை இழுத்துப் பார்த்தாள். மறுபடி மிதித்தாள். அந்த மெசினின் சத்தம் எனக்கு மனப்பாடம். அது அப்படி விட்டுவிட்டு வந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னுடைய கொலர் கோணலாகப் போனதை நான் கவனிக்கவேயில்லை. அடுத்ததையும் அவள் அப்படித்தான் தைத்தாள், அதற்கடுத்ததையும். பின்வரிசையில் மெசின்கள் ஒவ்வொன்றாக மெதுவானது காதில் விழுந்தது. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுதிக்கொண்டு போனதும் சுப்பவைசர் வந்தாள்.

"நேத்து வரைக்கும் பறந்த கைக்கு இன்டைக்கு என்ன நடந்தது நங்கி?"

"கை நோகுது மிஸ்."

"அப்ப நோகாத வேலை தாறன்."

அன்று பின்னேரமே அவளை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே மேலதிகப் பணம் கிடையாது. நான் சுப்பவைசரிடம் போய் அவளுக்காகக் கதைத்துப் பார்த்தேன். "எனக்கு மேல இருக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவள் குரலும் சரியில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த வயதான அக்கா வந்து, தன் பார்சலிலிருந்த முட்டையை அவள் சோற்றில் வைத்துவிட்டுப் போனாள்.

டார்கெட் ஏறியது. கம்பனியின் இன்னொரு தொழிற்சாலையில் எடுத்த நேரத்தைக் கொண்டுவந்து எங்களுக்கும் போட்டுவிட்டார்கள். அவள் மெதுவாகத் தைத்ததை யாரும் கணக்கில் எடுக்கவேயில்லை. அதை அவளிடம் சொன்னபோது, கத்திரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் சும்மா கெட்டனான், என்ன?"

நான் அவள் மேசையில் கிடந்த நூல் துண்டுகளைக் கூட்டி அள்ளினேன்.

கொஞ்ச மாதம் இழுத்துப் பார்த்தாள். பிறகு ஏஜென்சி ஒன்றின் வழியாக ஜோர்தானுக்குத் தைக்கப் போக எழுதிக் கொடுத்தாள். போவதற்கு முதல் நாள் ஊரிலிருந்து அவளுடைய அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை பெரியம்மாவின் சட்டையை விடவேயில்லை. இவள் வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டை மட்டும் கையை நீட்டி எடுத்துக்கொண்டது. எயார்போர்ட்டில் தூக்கப் போனபோது வீரிட்டு அழுதது. இவள் தூக்காமல், காலை மட்டும் தொட்டுக் கொஞ்சிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் தொழிற்சாலையும் பிறகு நிலைக்கவில்லை. சம்பளம் இதைவிடக் குறைவான நாட்டுக்கு ஓடர் போய்விட்டது என்று சொல்லி லைன்களை மூடினார்கள். நான் இப்போது வெள்ளவத்தையில் ஒரு புடைவைக்கடையில் நிற்கிறேன். தைப்பதைவிட இதில் கால்தான் அதிகம் நோகிறது.

வெள்ளிக்கிழமைகளில் ஜோர்தானில் அவளுக்கு லீவு. அன்றைக்குத்தான் எனக்குப் போன் எடுப்பாள். போன வெள்ளி எடுத்தபோது சிரித்துக்கொண்டே தொடங்கினாள்.

"மகள் இப்ப அக்காவைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறாளாம்."

நான் போனோடு புடைவை அலுமாரிக்குப் பின்னால் போனேன்.

"பரவாயில்ல அக்கா. வளர வளர அவளுக்கு விளங்கும்தானே?"

"ஓம், விளங்கும்," என்றேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். அவள் வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.