லீலாமணி கிள்ளிய துளசி

லீலாமணிக்கு வாய் நீளம் என்று ஷொரணூர்ப் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். அவள் வேலை செய்யும் வைத்தியசாலையில்தான் நானும் கஷாயம் காய்ச்சுகிறேன். எனக்குத் தெரிந்து அந்த வாய் ஒரு நாளும் வீணாகத் திறந்ததில்லை. வீட்டுக்காரன் குடித்துவிட்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டாள். மழையில் நனைந்து தெளிந்த பிறகு பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுப்பாள். எங்கள் மருந்துத் தோட்டத்தின் ஆடாதோடையும் கீழாநெல்லியும் அவள் கையில் வளர்ந்தவை.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. தூரமான பெண் நான்கு நாள் வேலியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் செடி பட்டுப்போகும். எங்கள் முதலாளி சங்குண்ணி வைத்தியரின் அப்பா வைத்த சட்டம். அந்த நான்கு நாளும் கூலி கிடையாது. செடிக்கு இல்லாத கோபமெல்லாம் மனிதனுக்குத்தான்.

அந்த மிதுன மாதம் மழை விடாமல் கொட்டி, கச்சோலக் கிழங்குப் பாத்தி முழுக்க அழுகிவிட்டது. பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்றதை எல்லாரும்தான் பார்த்தோம். ஆனாலும், களை பறிக்கும் ரஜிதா தூரமாக இருந்தபோதே உள்ளே வந்துவிட்டாள் என்று யாரோ வைத்தியர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் அவளைத் தோட்டத்துத் துளசி மாடத்தின் முன்னால் நிறுத்தி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவள் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடப்பவன். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

லீலாமணி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"வைத்தியரே, நான் எப்பவாச்சும் நாலு நாள் லீவு போட்டிருக்கேனா?"

வைத்தியர் யோசித்தார். "இல்லையே. நீதான் ஒழுங்கா வர்றவளாச்சே."

"ரெண்டு பெத்தவ நான். எனக்கும் மாசாமாசம் வருது. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாச்சும் யோசிச்சுப் பாத்தீங்களா?"

கூட்டத்தில் ஒருத்தி தோர்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாக்கை அடக்கு லீலாமணி. தெய்வக் குத்தம்."

"உங்க அம்மை இருமலுக்குக் குடிக்கிற ஆடாதோடை நான் பறிச்சது. காமாலையில வந்து எழுந்து போனாரே வக்கீலு, அவருக்குக் கீழாநெல்லியும் நான்தான் பறிச்சேன். இதுல யாரு பட்டுப்போனா?"

"துளசியையாவது தொடாம இருந்திருப்ப," என்றார் வைத்தியர், பாதி கெஞ்சலாக.

அவள் குனிந்து ஒரு துளசிக் கதிரைக் கிள்ளி ஈரக் கூந்தலில் செருகிக்கொண்டாள்.

"இன்னிக்கு எனக்கு ரெண்டாம் நாள். இந்தச் செடி பட்டுப்போனா நானும் ரஜிதாவோட சேர்ந்து போயிடறேன். பட்டுப்போகலேன்னா அவ உள்ள வருவா. எல்லா நாளும்."

மறுநாளிலிருந்து வைத்தியர் குளித்த கையோடு துளசியிடம் வந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பக்கத்துப் பாத்தியிலிருந்து லீலாமணி விசாரிப்பாள்: "உசிரோட இருக்காளா வைத்தியரே?" எனக்கு அடுப்படியில் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாகிவிட்டது.

அடுத்த மாதம் கர்க்கடகம் பிறந்தபோது, கிள்ளிய இடத்தில் துளசி இரண்டாகக் கிளைத்துத் தளிர் விட்டிருந்தது. வைத்தியர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு வேலிக்கு வெளியே காத்திருந்த ரஜிதாவைப் பார்க்காமல், "அவளைக் களை பறிக்கச் சொல்லு," என்றார்.

"அவளுக்கு இன்னிக்கு முதல் நாளு," என்றாள் லீலாமணி.

வைத்தியர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதை நான் கேட்டேனா?"