டொச் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

கதவுகள் திறந்ததும் ஜெயச்சந்திரன் பக்கக் கண்ணாடியில் பார்ப்பது தலைகளைத்தான். ஹனோவரில் டிராம் ஓட்டும் அவருக்குக் காலை ஓட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு பள்ளிக்கூடங்கள் வரும். முதலாவது தனியார் பள்ளி. அங்கே சோளக்குஞ்ச நிறத் தலைகள் வரிசையாக இறங்கும். அவருடைய முதுகு தானாக நிமிரும். அடுத்தது அரச பள்ளி. அங்கே கறுப்புச் சுருள், முக்காடு, பின்னல், இடைக்கிடை ஒரு செம்பட்டை என்று எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இறங்கும். "ஐக்கிய நாடுகள் சபை இறங்குது" என்று முணுமுணுத்தபடி கதவை மூடுவார்.

ஐம்பதை நெருங்குகிறார். பதின்வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஜெர்மன் குடியுரிமை பெற்றுப் பல காலம். 'வெளிநாட்டுக்காரர்' என்று சொல்லும்போது அந்தச் சொல் தன் மேலும் படும் என்ற நினைப்பு அவருக்கு வருவதேயில்லை. "அவையள் வேறை, நாங்கள் வேறை. நாங்கள் பிள்ளையளைப் படிப்பிக்கிற ஆக்கள்." கலியாண வீடோ கோயில் திருவிழாவோ, சின்னப் பிள்ளை வைத்திருக்கும் யாரும் அகப்பட்டால் விடமாட்டார். ஜெர்மன் என்பது அவர் வாயில் எப்போதும் 'டொச்'தான். "அரச பள்ளிக்கூடத்திலை ஒரு டொச் பிள்ளையை விளக்குப் பிடிச்சுத்தான் தேடவேணும். பேந்து எங்கட பிள்ளை எங்கை டொச் பழகுறது?" ஜெர்மனில் உயிரில்லாப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; அவருடைய ஜெர்மனில் இன்றுவரை மேசை ஆணா பெண்ணா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

மகள் ஆதிரை நாலாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளியை முடித்தபோது, அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் அரச பள்ளிக்குப் போனார்கள். ஜெயச்சந்திரன் அவளைத் தனியார் பள்ளிக்குக் கூட்டிப்போனார். அதிபர் அம்மையாரிடம் அவர் கேட்ட முதற் கேள்வி, இங்கே வெளிநாட்டுப் பின்னணிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. மிகக் குறைவுதான், அதை மாற்றத்தான் முயல்கிறோம் என்று தடுமாறினார். வெளியே வந்ததும் ஜெயச்சந்திரன் மனைவி கலாதேவியிடம் சொன்னார்: "பாவம், மனுசி மன்னிப்புக் கேட்குது. எனக்கெண்டால் நெஞ்சு குளிர்ந்துபோச்சு."

ஆதிரைக்கு உடனே இடம் கிடைத்தது. சில மாதங்களில் பள்ளிக்கூட வேலியில் ஒரு விளம்பரப் பதாகை ஏறியது. நாலு பிள்ளைகள் சிரிக்கும் படம், நடுவில் ஆதிரை. வகுப்பில் அவள் இருபத்தைந்து பேருக்கு ஒருத்தி; பதாகையில் நாலு பேருக்கு ஒருத்தி. "நடுவிலை விட்டிருக்கிறாங்கள், பாத்தியே!" என்று தகப்பன் பூரித்துப்போனார்.

ஒருநாள் வகுப்பாசிரியை, உன்னுடைய ஊரைப் பற்றி எல்லோருக்கும் சொல்லேன் என்று அன்போடு கேட்டாராம்.

"என்ரை ஊர் இஞ்சை ஹனோவர் லிண்டன்தானே அப்பா. எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். அதைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது?"

"யாழ்ப்பாணத்தைச் சொல்லு."

"நான் அங்கை போனதே இல்லையே."

கடைசியில் கலாதேவி ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டாள். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். "அங்கை எல்லாரும் சரியான மரியாதை அப்பா" என்றாள் ஆதிரை, திரும்பி வந்து. ஜெயச்சந்திரன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

போன மாதம், சுகமில்லாத சக ஓட்டுநர் ஒருவருக்குப் பதிலாக அவருக்குச் சில வாரங்களுக்குப் பின்னேர ஓட்டம் வந்தது. திரும்பி வரும் வழியில் அரச பள்ளிதான் முதலில். பிள்ளைகள் ஏறும்போது கண்ணாடியில் வழக்கம்போலத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு தலை தெரிந்த தலையாக இருந்தது. தன் பள்ளியிலிருந்து ஒரு தரிப்பிடம் பின்னோக்கி நடந்துவந்து, ஆதிரை அங்கே ஏறிக்கொண்டிருந்தாள். பழைய சிநேகிதி எலிஃப் அவளுடைய புத்தகப்பையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஓட்டுநர் யாரென்று ஒருவரும் பார்க்கவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் ஆதிரை; வீட்டில் அவர் கேட்டிராத சிரிப்பு. துருக்கிப் பிள்ளை, சிரியாப் பிள்ளை, ஆப்கான் பிள்ளை, தன் பிள்ளை எல்லாம் பேசியது ஜெர்மன். அந்த வேகத்தில் அவருக்குப் பாதிதான் விளங்கியது.

அன்றிரவு சாப்பாட்டில் கலாதேவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, பள்ளி முடிய இருக்கெண்டு இவள் சொல்லுற இந்த நாடக வகுப்பு எப்ப முடியுமாம்? பிள்ளை ஒவ்வொரு நாளும் சுணங்கியெல்லோ வருது."

ஆதிரை தட்டைப் பார்த்தாள்.

"அது நல்ல வகுப்பு, விடும்" என்றார் ஜெயச்சந்திரன். "பிள்ளைக்கு டொச் நல்லா வரும்."

ஆதிரை சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓர் இளம் தகப்பன், "அண்ணை, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்திலை விடுறது?" என்று வலியவே வந்து கேட்டான். ஜெயச்சந்திரன் வழமையான பேச்சைத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, "சோறு குடுக்கத் தொடங்கீட்டாங்கள் போலை" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் நல்ல மழை. அரச பள்ளித் தரிப்பிடத்தில் எல்லோரும் ஏறியாயிற்று. எலிஃப் மட்டும் கதவில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஆதிரை, கெதியா!" என்று ஜெர்மனில் கத்தினாள். டிராமுக்கு எதிரே, நடைபாதையில், பை முதுகில் குதிக்க ஆதிரை நனைந்துகொண்டு ஓடிவந்தாள். உள்ளே ஒரு கிழவர், இந்த நகரத்தில் எதுவும் நேரத்துக்கு ஓடுவதில்லை என்று உரக்கக் குறைப்பட்டார். ஜெயச்சந்திரன் ஒரு கையால் கதவைத் திறந்துவைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, மறுகையால் முன்கண்ணாடியின் வெயில்மறைப்பைத் தன் முகம் மறையுமட்டும் கீழே இழுத்துவிட்டார்.